எலி தூங்கியது என்று யார் பார்த்தது?

காலையில் நடக்க வரும் நண்பர் ஒருவர், லாரி புக்கிங் ஆபீஸ் நடத்திவிட்டு இப்போது பிள்ளைகளிடம் ஒப்படைத்து ஓய்வாக இருப்பவர், போன வாரம் சட்டைப் பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து நீட்டினார். தூக்கத்துக்கான மூலிகை மாத்திரை. கொல்லிமலை மூலிகைகளால் ஆனது, பழக்கமாகாது, பக்க விளைவு கிடையாது என்றெல்லாம் போட்டு, கடைசியில் பொடி எழுத்தில் ‘எலிகளிடம் சோதித்து நிரூபிக்கப்பட்டது’ என்று ஒரு வரி.

“ஏனுங்க, நீங்க பார்மசி காலேஜ் லேப்ல இருந்தவருங்களே, எலி நல்லாத் தூங்குச்சுன்னு இவங்க எப்படிங்க கண்டுபிடிச்சாங்க?” என்றார்.

அவர் கேலியாகத்தான் கேட்டார். ஆனால் கேட்க வேண்டிய கேள்வி அதுதான். என்ன மூலிகை, எத்தனை மில்லிகிராம் என்று விசாரிக்கிறவர்கள் உண்டு. எலியை யார் பார்த்தார்கள், எந்த நேரத்தில் பார்த்தார்கள், எப்படிப் பார்த்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை. அந்தப் பொடி எழுத்து வரிக்கு மதிப்பு உண்டா இல்லையா என்பதை அதுதான் தீர்மானிக்கிறது என்பது என் கட்சி. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சேலம், திருச்செங்கோடு, குமாரபாளையம் என்று நம்மைச் சுற்றிப் பார்மசி கல்லூரிகளுக்குக் குறைவில்லை. மேல்படிப்புப் படிக்கும் பிள்ளைகள் ஆளுக்கொரு ஆராய்ச்சி செய்து தீசிஸ் கொடுக்க வேண்டும். மருந்தியல் எடுத்தவர்களுக்கு ஏதாவது ஓர் இலை, ஒரு வேர், அதன் சாறு. ஆறு ஆறு எலியாகப் பிரித்துக் கூண்டில் போட்டு, ஒரு கூட்டத்துக்குச் சாறு, ஒரு கூட்டத்துக்கு ஏற்கெனவே தெரிந்த மருந்து, ஒரு கூட்டத்துக்கு வெறும் தண்ணீர். பிறகு என்ன ஆகிறது என்று பார்த்து எழுதுவது. ஈரல், சர்க்கரை மாதிரி விஷயம் என்றால் ரத்தம் எடுத்து அளந்துவிடலாம். தூக்கம், பயம், வலி, ஞாபகம் இதையெல்லாம் எந்தக் குழாயில் ஊற்றி அளப்பது? எலி என்ன செய்கிறது என்று பார்த்துத்தான் சொல்ல வேண்டும். அங்கேதான் சிக்கல்.

நண்பருக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். தூக்க மருந்துக்குப் பழைய சோதனை ஒன்று உண்டு. முதலில் மூலிகைச் சாறு கொடுப்பார்கள். கொஞ்ச நேரம் கழித்துப் பென்டோபார்பிட்டோன் என்ற மயக்க மருந்தை ஊசியில் போடுவார்கள். எலி தள்ளாடிப் படுத்துவிடும். அதை மல்லாக்கப் போட்டால் விழித்திருக்கும் எலி ஒரு நொடி தாங்காது, புரண்டு காலூன்றிவிடும். புரளாமல் கிடந்தால் தூக்கம் என்று கணக்கு. எப்போது தானாகப் புரண்டு எழுகிறதோ அதுவரை கடிகாரம் ஓடும். சாறு கொடுத்த எலி கூடுதல் நேரம் கிடந்தால், ‘சாற்றுக்குத் தூக்கம் தரும் குணம் உண்டு’ என்று எழுதிவிடுவார்கள்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பென்டோபார்பிட்டோனைக் கரைத்து வெளியே தள்ளுவது ஈரல். அந்தச் சாறு ஈரலின் வேலையை மந்தப்படுத்தினாலும் எலி கூடுதல் நேரம் கிடக்கும். அப்போது அது தூக்க மருந்து ஆகாது. இன்னொரு மருந்தை உடம்பில் தேங்க வைக்கும் சரக்கு. பிரஷருக்கு ஒன்று, சர்க்கரைக்கு இரண்டு, ரத்தம் உறையாமல் இருக்க ஒன்று என்று விழுங்கிக்கொண்டிருக்கும் நம் வயதுக்காரர்களுக்கு இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் சின்ன விஷயமா? மல்லாக்கக் கிடக்கும் எலியை மட்டும் பார்த்தால் அந்த வித்தியாசம் தெரியாது.

அடுத்து ஆக்டோபோட்டோமீட்டர். பெயர்தான் பெரிசு. ஒரு பெட்டி, உள்ளே குறுக்கே ஒளிக்கற்றைகள், வெளியே எண்ணும் கருவி. எலி நடக்கும்போது கற்றை அறுபடும், எண் ஒன்று ஏறும். பத்து நிமிஷம் விட்டு எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டியது. மருந்து கொடுத்த பிறகு எண் குறைந்தால் மருந்து அமைதிப்படுத்துகிறது என்று பொருள். நான் வேலையில் சேர்ந்த காலத்திலிருந்து ஓய்வு பெறும் வரை இந்தப் பெட்டி மாறவேயில்லை, பெயின்ட்டைத் தவிர.

ஆனால் எலி ஏன் நகரவில்லை என்று பெட்டிக்குத் தெரியாது. தூக்கக் கலக்கமாக இருக்கலாம். தசை தளர்ந்து நடக்க முடியாமல் இருக்கலாம். வயிறு வலிக்கலாம். புதுப் பெட்டியைக் கண்டு பயந்து மூலையில் உறைந்து போயிருக்கலாம். மூலையில் உட்கார்ந்தபடியே முகம் கழுவிக்கொண்டிருக்கலாம் (எலி சுத்தமான பிராணி, விழித்திருக்கும் நேரத்தில் நல்ல பங்கு உடம்பைச் சுத்தம் செய்வதில் போகும்). ஐந்துக்கும் எண் ஒன்றுதான். தசைத் தளர்ச்சியையாவது பிரித்தறிய ரோட்டாராட் என்ற சுழலும் தடி உண்டு. எலியை அதன் மேல் ஏற்றி எவ்வளவு நேரம் விழாமல் தாக்குப்பிடிக்கிறது என்று பார்ப்பார்கள். இரண்டையும் சேர்த்துச் செய்திருந்தால் கொஞ்சம் நம்பலாம். வலிக்குச் சூடான தட்டு. 55 டிகிரி சூட்டில் வைத்து, எத்தனை நொடியில் பாதத்தை நக்குகிறது, குதிக்கிறது என்று பார்ப்பது. பயத்துக்கு, தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் கூட்டல் குறி மாதிரி நான்கு கை உள்ள பலகை; இரண்டு கைக்குச் சுவர் உண்டு, இரண்டு கைக்குக் கிடையாது. திறந்த கையில் எவ்வளவு நேரம் நிற்கிறதோ அந்த அளவுக்குப் பயம் குறைவு என்று கணக்கு.

மனச்சோர்வு மருந்துக்கு ஒன்று உண்டு, அதை எழுதவே எனக்குப் பிடிக்கவில்லை. ஏறி வர வழியில்லாத கண்ணாடி ஜாடியில் தண்ணீர் ஊற்றி எலியைப் போட்டுவிட்டு, அது நீந்துவதை நிறுத்தி மிதக்கும் நேரத்தைக் குறிப்பது. 1977-ல் பிரான்சில் போர்சோல்ட் என்பவர் கொண்டு வந்தது. மிதந்தால் நம்பிக்கை இழந்துவிட்டது என்று பொருளாம். கிணற்றில் நீச்சல் பழகிய நம்மூர்ப் பையன்களைக் கேளுங்கள், மிதப்பது நம்பிக்கை இழந்தவன் செய்யும் காரியமா, புத்தியுள்ளவன் செய்யும் காரியமா என்று. இதே சந்தேகத்தை இப்போது விஞ்ஞானிகளே கிளப்பியிருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் 2024-ல் சட்டம் போட்டு இந்தச் சோதனையைத் தடை செய்துவிட்டது. இங்கேயும் விட்டொழிக்கலாம், ஒரு நஷ்டமும் இல்லை.

இத்தனை சோதனைக்கும் பொதுவாக ஒரு குறை உண்டு. எலி ராத்திரி விழித்திருக்கும் பிராணி. அரிசி மூட்டை வைத்திருக்கிற எந்த வீட்டுக்காரருக்கும் இதை நான் சொல்லித் தர வேண்டியதில்லை. கல்லூரி காலை ஒன்பதரைக்குத் திறந்து நாலரைக்குப் பூட்டும். எலி அசந்து தூங்கும் நேரம் பார்த்து அதை உமி மெத்தையிலிருந்து எடுத்து, வெளிச்சமான அறைக்குக் கொண்டு போய், பழக்கமில்லாத பெட்டியில் போட்டு, அது சுறுசுறுப்பாக இருக்கிறதா என்று பார்க்கிறோம். நம்மை யாராவது ராத்திரி இரண்டு மணிக்கு எழுப்பிப் பஸ் ஸ்டாண்டில் நிறுத்தி ஞாபக சக்தியைச் சோதித்தால் எப்படி இருக்கும்?

இதைச் சரியாகச் செய்து காட்டிய இடம் வெகு தூரத்தில் இல்லை, நம் மதுரையில்தான். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம்.கே. சந்திரசேகரன் என்ற பேராசிரியர் இருந்தார். ஜெர்மனியில் எர்வின் பியூனிங் என்ற பெரிய தாவரவியல் அறிஞரிடம் வேலை செய்துவிட்டு வந்தவர். உயிர்களின் உடம்புக்குள் ஓடும் கடிகாரம்தான் அவருடைய ஆராய்ச்சி. வௌவால் குகைகளிலும் வேலை செய்தார். வயலிலிருந்து பிடித்து வந்த சின்னஞ்சிறு வயல் சுண்டெலிகளை வைத்தும் அவரும் மாணவர்களும் வேலை செய்தார்கள்.

செய்த முறைதான் அழகு. கூண்டுக்குள் ஒரு சக்கரம். சுண்டெலி தன் விருப்பத்துக்கு ஏறி ஓடும், இறங்கும். சக்கரம் ஒவ்வொரு சுற்று சுற்றும்போதும் வெளியே நகரும் காகிதச் சுருளில் ஒரு கோடு விழும். ஓடாத நேரத்தில் காகிதம் வெறுமையாக இருக்கும். ஒவ்வொரு நாள் காகிதத்தையும் வெட்டி, ஒன்றன் கீழ் ஒன்றாக ஒட்டினால், அந்தச் சுண்டெலி எந்த மணிக்கு எழுந்தது, எப்போது ஓய்ந்தது என்று வாரக்கணக்கில், மாதக்கணக்கில் கண்ணுக்கு முன்னால் நிற்கும். அறையை முழு இருட்டாக வைத்தாலும் சுண்டெலி கிட்டத்தட்ட ஒரு நாள் கணக்கில் எழுந்து ஓடியது, கொஞ்சம் முன்னே பின்னே. அந்த இருட்டில் ஒரு குறிப்பிட்ட வேளையில் சில நிமிஷம் மட்டும் விளக்கைப் போட்டு அணைத்தால், அதற்குப் பிறகு அது எழும் நேரமே தள்ளிப் போனது அல்லது முந்தி வந்தது. வெளிநாட்டு விஞ்ஞானப் பத்திரிகைகளில் வந்த வேலை இது. யாரும் எலியைத் தொடவில்லை, பெட்டி மாற்றவில்லை, மல்லாக்கப் போடவில்லை. அதுபாட்டுக்கு அது வாழ்ந்தது, காகிதம் குறித்துக்கொண்டது.

சக்கரம் புதிய கண்டுபிடிப்பு அல்ல. அமெரிக்காவில் 1890-களிலேயே எலிக்குச் சக்கரம் கட்டிப் பார்த்திருக்கிறார்கள். அந்த எளிய சாமானை எவ்வளவு பொறுமையாகப் பயன்படுத்தினார்கள் என்பதுதான் மதுரையின் பெருமை. நம் ஊர்க் கல்லூரிகளுக்கு நான் முன்மாதிரி காட்டச் சொன்னால் வெளிநாட்டைக் காட்ட மாட்டேன், இதைத்தான் காட்டுவேன்.

நம் விவசாயிக்கும் இது தெரியும். வரப்பில் இருக்கும் எலி வளைகளை எல்லாம் சாயந்திரம் மண்ணால் மூடிவிடுவார். காலையில் போய் எந்த வளை திறந்திருக்கிறதோ அதில்தான் எலி இருக்கிறது, அங்கேதான் கிட்டி வைக்க வேண்டும். எலியைப் பார்க்காமலேயே எலி ராத்திரி என்ன செய்தது என்று எழுதி வாங்குகிற வித்தை அது. நாமக்கல் கோழிப்பண்ணைக்காரரும் அப்படித்தான். பழகிய சூப்பர்வைசர் ராத்திரி விளக்கு அணைந்த பிறகு ஷெட்டில் சத்தமில்லாமல் நின்று காது கொடுத்துக் கேட்பார். எங்காவது கொர்கொர் என்று மூச்சுச் சத்தம் வந்தால் சளி நோய் ஆரம்பம் என்று பிடித்துவிடுவார். பகலில் ஆள் உள்ளே போனால் கோழி எல்லாம் சிலிர்த்துக்கொண்டு ஆரோக்கியமாகத்தான் காட்டும்.

ஆள் உள்ளே போனால் எலியும் மாறுகிறது என்பதற்கு இப்போது கணக்கே இருக்கிறது. கனடாவில் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி மோகில் என்பவரின் குழு 2014-ல் வெளியிட்டது. வலி சோதனையின்போது ஆண் ஒருவர் அறையில் இருந்தால் எலி வலியைக் குறைவாகக் காட்டியது. பெண் இருந்தால் அப்படி இல்லை. ஆளே வேண்டாம், ஆண் போட்டுக் கழற்றிய பனியனை அருகில் வைத்தாலே போதுமாம். வாசனைதான் காரணம். அந்தப் பயத்தில் வலி அடங்குகிறது. அப்படியானால், காலையில் ஒரு மாணவனும் மத்தியானம் ஒரு மாணவியும் மாற்றி மாற்றிச் சூடான தட்டில் எலியை வைத்து எடுத்த கணக்கு எதைக் காட்டுகிறது, மருந்தின் குணத்தையா, பனியனின் குணத்தையா?

வாலைப் பிடித்துத் தூக்குவதும் அப்படியே. இங்கிலாந்தில் லிவர்பூல் பல்கலைக்கழகத்துக்காரர்கள் 2010-ல் காட்டினார்கள்: சுண்டெலியை வாலைப் பிடித்துத் தூக்காமல், ஒரு குழாய்க்குள் நுழைய விட்டோ, இரண்டு கையையும் குவித்தோ எடுத்தால் அதன் பயம் வெகுவாகக் குறைகிறது. ஒரு துண்டு பிளாஸ்டிக் குழாய் என்ன விலை? எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும். ஆனாலும் வாலைப் பிடிப்பதே பழக்கமாக வந்துகொண்டிருக்கிறது.

1999-ல் இன்னொரு வேலை நடந்தது. அமெரிக்காவில் இரண்டு ஊர், கனடாவில் ஒரு ஊர், மூன்று ஆய்வகங்களில் ஒரே ரகச் சுண்டெலி, ஒரே மாதிரிக் கருவி, ஒரே நேரம் என்று எல்லாவற்றையும் ஒன்றுபோல் வைத்துச் சோதித்தார்கள். அப்படியும் சில சோதனைகளில் ஊருக்கு ஊர் பதில் மாறியது. எட்மண்டனில் சோதனை செய்தவருக்குச் சுண்டெலி என்றால் ஒவ்வாமையாம், மூச்சுக் கவசம் மாட்டிக்கொண்டு வேலை செய்திருக்கிறார். அதனால்தான் மாறியது என்று யாராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியவில்லை. இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. அத்தனை கவனத்துக்கே இந்தக் கதி என்றால், 2012-ல் நம் பக்கம் பவர் கட் ஆன நாட்களில், ‘பன்னிரண்டு மணி நேரம் வெளிச்சம், பன்னிரண்டு மணி நேரம் இருட்டு’ என்று தீசிஸில் அச்சடித்த வரியை நினைத்துப் பாருங்கள். அந்த வரியை எல்லாரும் எழுதினார்கள்; மின்சார வாரியம் அதைப் படித்திருக்குமா தெரியவில்லை.

எலியைவிடப் பெரிய பிரச்சினை பார்க்கிற ஆள். ராபர்ட் ரோசென்தால் என்ற அமெரிக்க உளவியலாளர் 1963-ல் ஒரு வேடிக்கை செய்தார். சாதாரண எலிகளையே இரண்டாகப் பிரித்து, சில மாணவர்களிடம் ‘இவை புத்திசாலி எலிகள்’ என்றும், மற்றவர்களிடம் ‘இவை மந்த எலிகள்’ என்றும் சொல்லிக் கொடுத்தார். மாணவர்கள் பழக்கி ஓடவிட்டுக் கணக்கு எழுதினார்கள். புத்திசாலி என்று சீட்டு ஒட்டிய எலிகள்தான் நன்றாக ஓடின. யாரும் பொய் எழுதவில்லை. எதிர்பார்த்தபடி கண் பார்த்தது, கை பழகியது, அவ்வளவுதான்.

இதற்கு மருந்து மிக எளிது. எந்த எலிக்கு என்ன கொடுத்தது என்று பார்க்கிற ஆளுக்குத் தெரியக் கூடாது. மூன்றாம் ஆள் ஒருவர் பாட்டிலுக்கு ஒன்று, இரண்டு என்று எண் போட்டு வைத்துக்கொண்டு, எல்லாம் முடிந்த பிறகு சீட்டைப் பிரிக்க வேண்டும். காசு செலவில்லை. ஆனால் மருந்து கொடுப்பதும் அதே பையன், ஸ்டாப் வாட்சைப் பிடிப்பதும் அதே பையன், டிகிரி வாங்க வேண்டியதும் அதே பையன் என்று இருந்தால், எலி எப்போது ‘புரண்டது’ என்று தீர்மானிப்பதில் அரை நிமிஷம் இப்படி அப்படிப் போகத்தான் செய்யும். பையனைக் குறை சொல்ல மாட்டேன். ஏற்பாட்டைத்தான் குறை சொல்வேன்.

இப்போது வெளிநாட்டிலும் பெரிய ஆய்வகங்களிலும் எலியை அதன் சொந்தக் கூண்டிலேயே வைத்து இருபத்து நாலு மணி நேரமும் பார்க்கிறார்கள். அரிசி அளவு சிப் ஒன்றைத் தோலுக்கடியில் வைத்துவிடுவார்கள் (நம் மாட்டுக்குக் காதில் பன்னிரண்டு இலக்க எண்ணோடு மஞ்சள் தோடு போடுகிறார்களே, அந்த மாதிரி அடையாளம்). எது எங்கே போனது, எத்தனை தடவை தண்ணீர் குடித்தது என்று கூண்டே எழுதிக்கொள்ளும். இருட்டில் பார்க்கும் கேமரா மேலே. படத்தைக் கம்ப்யூட்டர் படித்து, மூக்கு எங்கே, கால் எங்கே, வால் எங்கே என்று நொடிக்கு நொடி குறிக்கும். 2018-ல் வந்த டீப்லேப்கட் என்ற மென்பொருளை யார் வேண்டுமானாலும் இலவசமாகவே எடுத்துக்கொள்ளலாம். நமக்குக் கேட்காத உச்ச சுருதியில் எலி போடும் சத்தத்தைக்கூடப் பதிவு செய்கிறார்கள். பயத்தில் ஒரு சுருதி, விளையாட்டில் ஒரு சுருதி.

“இதெல்லாம் நம்ம காலேஜுக்குக் கட்டுப்படியாகுமாங்க சார்?” என்று இன்னமும் வேலையில் இருக்கும் ஒரு தம்பி போனில் கேட்டார். சிப்பும் கூண்டும் கட்டுப்படியாகாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இருட்டில் பார்க்கும் கேமரா இப்போது கோழிப்பண்ணை கேட்டிலும் லாரி ஷெட்டிலும் தொங்குகிறது. ஒரு டைமரை வாங்கி விளக்கைத் தலைகீழாக்கி, ராத்திரி வெளிச்சம், பகலில் இருட்டு என்று பழக்கிவிட்டால், சில வாரத்தில் எலி நம் கல்லூரி நேரத்துக்கு விழித்துக்கொள்ளும். மங்கலான சிவப்பு விளக்கில் நாம் வேலை செய்யலாம். சிவப்பு எலியின் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. டைமருக்கு ஒரு பேட்டரி வைத்தால் பவர் கட்டும் கவலையில்லை. லட்சக்கணக்கில் கட்டடம் கட்டும் நிர்வாகங்களுக்கு இது ஒரு செலவா?

இளநிலைப் படிப்பில் 2017 பாடத்திட்டத்திலிருந்து விலங்குச் சோதனைகளை எல்லாம் கம்ப்யூட்டரிலும் வீடியோவிலுமே காட்ட வேண்டும் என்று ஆகிவிட்டது. நல்ல காரியம். ஏற்கெனவே தெரிந்த விடையை மறுபடி பார்க்க வருஷா வருஷம் எத்தனை எலி செத்தது என்று எனக்குத் தெரியும், உமி மாற்றியவர்களில் நானும் ஒருவன். புதுச்சேரி ஜிப்மர்க்காரர்களே அதற்காக எக்ஸ்-ஃபார்ம் என்று ஒரு மென்பொருள் செய்து கொடுத்திருக்கிறார்கள். ஆனால் இதில் ஒரு பொத்தல் உண்டு. நாலு வருஷம் திரையில் எலியைப் பார்த்த பிள்ளை, மேல்படிப்பில் முதன்முதலாக உயிருள்ள எலியைக் கையில் எடுக்கிறது. பிள்ளைக்கும் நடுக்கம், எலிக்கும் நடுக்கம். அந்த நடுக்கத்தோடு எடுத்த கணக்குதான் தீசிஸ் ஆகிறது.

சட்டத்தில் இதற்கு வழி இல்லாமல் இல்லை. 1960-ஆம் வருஷத்து விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் மத்தியக் குழு ஒன்று இருக்கிறது. அங்கே பதிவு செய்யாமல் எலி வளர்த்துச் சோதனை செய்ய முடியாது. கல்லூரிக்குள்ளேயும் நெறிமுறைக் குழு கூடி அனுமதி தர வேண்டும். எத்தனை எலி, என்ன மருந்து, எப்படிக் கொல்வீர்கள் என்று விண்ணப்பத்தில் கேட்கிறார்கள். யார் பார்ப்பார், பார்ப்பவருக்கு எந்த எலி எது என்று தெரியுமா, எலிக்கு அது பகலா ராத்திரியா என்பதையும் அதே அழுத்தத்தோடு கேட்டு, பதில் இல்லாத விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்பேன். முதல் இரண்டு வாரம் எலியைப் பிள்ளைகள் கையில் பழக்க மட்டுமே ஒதுக்க வேண்டும், மருந்தே கொடுக்கக் கூடாது.

கூண்டைத் தினமும் பார்க்கிற அட்டெண்டரையும் கேட்க வேண்டும். எந்த எலி தண்ணீர் குறைவாகக் குடிக்கிறது, எதன் கண் சுருங்கிக் காது பின்னால் போயிருக்கிறது (வலி என்று அர்த்தம், மோகில் குழுவினர் 2010-ல் சுண்டெலி முகத்தைப் பார்த்து வலியை அளக்க ஒரு அளவுகோலே போட்டிருக்கிறார்கள்), எது ஒதுங்கிப் படுத்திருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும். எட்டாவது வரை படித்த ஒரு அம்மா எங்கள் கூடத்தில் இருந்தார். கூண்டுக்கு வெளியே நின்றபடியே, “அந்த மூணாவது கூண்டுல காது நறுக்கினது இருக்குதே, அதுக்கு ஒடம்பு நல்லால்லீங்க சார்” என்பார். நாலு நாளில் தராசு அதையே சொல்லும். அவர் சொன்னதை எழுதி வைக்க ஒரு நோட்டுகூடப் போட்டுக் கொடுத்ததில்லை யாரும்.

நண்பரின் மாத்திரைக் கம்பெனிக்கு நான் ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். நாலே கேள்வி. என்ன சோதனை, எந்த நேரத்தில், பார்த்தவருக்கு எது எந்த எலி என்று தெரியுமா, ஈரலைப் பார்த்தீர்களா. பதில் வந்தால் இங்கேயே போடுகிறேன். அதுவரை அவருக்கு நான் சொன்னது, சர்க்கரைக்குப் பார்க்கிற டாக்டரிடம் டப்பாவைக் காட்டாமல் ஒரு மாத்திரைகூடப் போட வேண்டாம் என்பதுதான்.